ஒலியாத எழுத்தும் ஒலிக்கும் அசையும்

கல்லூரியில் இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சைப் பயிலத் தொடங்கிய காலத்தில் எனக்கு நேர்ந்த ஒரு சிறு தோல்வியைக் கூறி இப்பேச்சைத் தொடங்குகின்றேன். எங்கள் ஆசிரியர் ஒருநாள் சொல்வதெழுதுதல் பயிற்சி வைத்தார். 'எல் தொன் ஸ கெல்ஸோன்' என்னும் சிறு வாக்கியத்தை மும்முறை நிறுத்திச் சொன்னார். 'எல்' என்றால் அவள். 'தொன்' என்றால் கொடுக்கிறாள். அவ்வளவில் மனநிறைவு கொண்டு, 'அவள் கொடுக்கிறாள்' எனப் பொருள்படும் இரு சொற்களை விரைந்து எழுதிவிட்டு, எஞ்சியதை எப்படியோ முடித்தேன். ஏடு திரும்பி வந்தபோது அவ்விரு சொற்களின் கீழும் சிவப்புக் கோடு இருந்தது. ஆசிரியர் சொன்னது, 'அப்பெண்கள் தம்மிடம் உள்ளதைக் கொடுக்கின்றனர்' என்பதாகும்.

"ஐயா, ஒருமைக்கும் பன்மைக்கும் ஒலி ஒன்றே என்றால் எழுத்து மட்டும் ஏன் வேறாக இருத்தல் வேண்டும்?" என்று வினவினேன். அவர் நகைத்து, "வாக்கியம் முடியுமுன் செவி தீர்ப்புக் கூறலாகாது, தம்பி. எழுத்து வேறானது நெடிய கதை, அதைப் பிறகு படித்துக்கொள்" என்றார். பின்னர் நான் படித்தறிந்த அக்கதையையே இன்று உங்கள் முன் வைக்கின்றேன். அது பிரெஞ்சு வினைச்சொற்களின் அசைகள் தேய்ந்த வரலாறு.

அந்த வினையையே எடுத்துக்கொள்வோம். கொடுத்தல் என்னும் பொருளுடைய பிரெஞ்சு வினை 'தொனே' என்பது. வடமொழித் 'தானம்' என்பதும் இலத்தீன் 'தோனும்' என்பதும் ஒரே மூலத்தினின்று கிளைத்தவை. அவ்விலத்தீன் சொல்லின் வழியில் வந்ததே இப்பிரெஞ்சு வினை. நிகழ்காலத்தில் தன்மை ஒருமை, முன்னிலை ஒருமை, படர்க்கை ஒருமை, படர்க்கைப் பன்மை ஆகிய நான்கு இடங்களிலும் வாயினின்று வருவது 'தொன்' என்னும் ஓரசையே. ஏட்டிலோ முதலதும் மூன்றாவதும் 'ஈ' என்னும் எழுத்தில் முடியும். இரண்டாவது 'ஈ, எஸ்' என முடியும். நான்காவது 'ஈ, என், டி' என முடியும். தன்மைப் பன்மையும் முன்னிலைப் பன்மையும் மட்டுமே 'தொனோன்', 'தொனே' என ஈரசை பெற்று வேறாக ஒலிக்கும். 'தொனோன்' என்பதன் ஈற்றில் உள்ளது முழு னகரம் அன்று. நாம் 'வந்தான்' என்பதைப் பேச்சில் விரைந்து கூறும்போது நாக்கு மேலே தொடாமல், உயிரே மூக்கொலியாக முடிகின்றதன்றோ? பிரெஞ்சு மூக்குயிரும் ஏறத்தாழ அத்தகையதே.

அசை என்று இங்கு நான் கூறுவது, ஓர் உயிரொலியை நடுவாகக் கொண்டு ஒரே எழுச்சியில் பிறக்கும் ஒலித்துணுக்கு. நம் யாப்பிலக்கணத்தின் நேரசை நிரையசைகளோடு இதனை முற்றும் ஒன்றாகக் கருதவேண்டா. பிரெஞ்சுக்காரர் வாயில் அசை, இயன்றவரை உயிரில் முடிய விரும்பும். இரண்டு உயிர்களின் இடையே ஒரு மெய் நின்றால் அது பின்னுள்ள உயிரோடு சேரும். 'தொனோன்' என்பதை எழுதும்போது 'என்' என்னும் எழுத்தை இருமுறை எழுதுவர். வரியின் இறுதியில் சொல்லை முறிக்க நேர்ந்தால், அச்சுக்கோப்போர் அவ்விரு எழுத்துகளின் இடையே கோடிட்டு முறிப்பர். செவிக்கோ அங்கு ஒரே னகரம்தான். அது 'தொ-னோன்' எனப் பின்னசையில் சேர்கின்றது. எனவே தாளில் சொல்லைப் பிரிக்கும் முறை வேறு. நாவில் பிரியும் முறை வேறு. பிரெஞ்சு பயில்வோர் முதலில் உணரவேண்டிய உண்மை இதுவே.

இவ்வியல்பு ஒரு சொல்லோடு நில்லாது, அடுத்த சொல்லிலும் பாய்ந்து செல்லும். 'அவன் அன்பு செய்கின்றான்' என்பது 'இ-லெம்' என ஒலிக்கும். 'அவர்கள் அன்பு செய்கின்றனர்' என்பது 'இல்-ஸெம்' என ஒலிக்கும். இங்கு ஸகரம் குரலோடு கூடிய ஒலியாகும். பன்மையைக் காட்டும் எழுத்துகள் வினையின் ஈற்றில் வரிசையாக நின்றும் வாய் திறவா. முன்னுள்ள பெயரின் ஈற்றில் உறங்கிய ஓர் 'எஸ்' மட்டும், உயிர்முதல் வினையைக் கண்டதும் விழித்துப் பன்மையை அறிவிக்கின்றது.

தமிழில் 'கொடுத்தேன், கொடுத்தாய், கொடுத்தான், கொடுத்தோம்' என்று விகுதியே இடத்தையும் எண்ணையும் உரைத்துவிடும். 'நான்', 'நீ' என்னும் பெயர்களை விட்டாலும் பொருள் கெடாது. இலத்தீனும் அத்தகைய மொழியே. 'தோனோ, தோனாஸ், தோனத், தோனாமுஸ், தோனாதிஸ், தோனந்த்' என்னும் ஆறு வடிவங்களும் ஆறு வேறு ஒலிகள். அவற்றுள் ஓரசையால் ஆனது ஒன்றும் இல்லை. உரோமப் பேரரசின் போர்வீரரும் வணிகரும் இம்மொழியைக் 'கால்' நாட்டிற்குக் கொண்டுசென்றனர். அங்கு அது நூற்றாண்டுகள் பல வழங்கி, தேய்ந்து, பிரெஞ்சாக உருமாறியது.

தேய்வு கண்டபடி நிகழவில்லை. அதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. சொல்லில் அழுத்தம் பெற்ற அசை வாழ்ந்தது. அதன் பின்னின்ற அசை மெலிந்தது. பின்னின்ற உயிர் அகரமாயின், தெளிவற்ற ஒரு சிற்றொலியாக எஞ்சியது. பிற உயிர்களாயின் பெரும்பாலும் மறைந்தே போயின. 'தோனத்' என்பதில் அழுத்தம் முதலசையில். ஆதலின் இரண்டாம் அசை மெலிந்தது. 'தோனாமுஸ்', 'தோனாதிஸ்' என்பவற்றில் அழுத்தம் இரண்டாம் அசையில். ஆதலின் இன்றும் அவ்விரு இடங்களில் விகுதி காதில் விழுகின்றது. தன்மைப் பன்மை விகுதி பிறிதொரு வினையின் சாயலை ஏற்றதாயினும், அழுத்தம் நின்ற இடம் மாறவில்லை.

பேசுதல் என்னும் பொருளுடைய 'பர்லே' என்னும் வினை இதற்கு அழகிய சான்று. அதன் மூலம் 'பா-ரா-பொ-லா-ரே' என்னும் ஐந்தசைச் சொல். இன்று ஈரசையே எஞ்சியுள்ளது. பழைய பிரெஞ்சில் 'நான் பேசுகிறேன்' என்பதற்குப் 'பரோல்' என்றும், 'நாம் பேசுகிறோம்' என்பதற்குப் 'பர்லோன்' என்றும் வழங்கினர். அழுத்தம் நடுவில் நின்றபோது நடுவசை வாழ்ந்தது. அழுத்தம் பின்னே சென்றபோது நடுவசை மாய்ந்தது. பின்வந்த தலைமுறையினர் எல்லா இடத்தையும் 'பர்ல்' என ஒருபடித்தாக்கிவிட்டனர். ஆயினும் 'மூரீர்' (இறத்தல்), 'தெனீர்' (பிடித்தல்) போன்ற வினைகளில் பகுதியின் உயிர் இடத்திற்கு இடம் மாறுவது, அப்பழைய அழுத்தத்தின் அடிச்சுவடாக இன்றும் உள்ளது.

இம்மாற்றத்தின் இடைநிலையைக் காட்டும் ஏடு ஒன்று நமக்குக் கிடைத்துள்ளது. 813ஆம் ஆண்டில் தூர் நகரில் கூடிய திருச்சபை மன்றம், மக்களுக்கு விளங்கும் நாட்டுமொழியில் அறவுரை நிகழ்த்துமாறு பணித்தது. பொதுமக்கட்கு இலத்தீன் விளங்காத நிலை வந்துவிட்டது என்பதற்கு அதுவே சான்று. 842ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள், சார்லமேன் பேரரசரின் பேரர்களாகிய லூயி, சார்லஸ் என்னும் இருவர் ஸ்திராஸ்பூர் நகரில் உறுதிமொழி பூண்டனர். சார்லஸின் வீரர்க்கு விளங்கும்பொருட்டு லூயி அவர்தம் நாட்டுமொழியில் சூளுரைத்தார். நித்தார் என்னும் வரலாற்றாசிரியர் அவ்வுரையை அப்படியே எழுதிவைத்தார். அதில் 'ஸல்வராய்' என ஒரு சொல் வருகின்றது. 'காப்பேன்' என்பது அதன் பொருள்.

இச்சொல்லின் பிறப்பைக் காணுங்கள். 'காத்தற்கு உடையேன்' என்னும் கருத்தில் 'ஸல்-வா-ரே ஹா-பே-ஓ' என்று இரு சொற்களாக, ஆறசையாக வழங்கிய தொடர், ஒரே சொல்லாக இறுகி 'ஸல்-வ-ராய்' என மூன்றசையாயிற்று. இன்று அதே சொல் பேச்சில் 'ஸோவ்-ரே' என ஈரசையாக ஒலிக்கின்றது. எழுத்திலோ நடுவே ஓர் 'ஈ' இன்றும் எழுதப்படுகின்றது. அது வெறும் அணியன்று. மறைந்த மூன்றாம் அசையின் நினைவுக்கல்.

அந்த 'ஈ' எப்போதும் ஊமையாக இருப்பதும் இல்லை. 'ஸோவ்ரே' என்பதில் வகரமும் ரகரமுமாகிய இரு மெய்களே அடுத்து நிற்பதால், நா தடையின்றிச் செல்கின்றது. 'பேசுவேன்' என்னும் சொல்லில் அதனை நீக்கினால் ரகரம், லகரம், மீண்டும் ரகரம் என மூன்று மெய்கள் மோதும். ஆதலின் அங்கு அச்சிற்றுயிர் நிலைத்து, 'பர்-ல-ரே' என மூன்றசையாக ஒலிக்கும். மோரிஸ் கிராமோன் என்னும் ஒலியியல் அறிஞர் 1894இல் 'மூன்று மெய் விதி' என இதனை வகுத்துரைத்தார். நம் குற்றியலுகரத்தை எண்ணிப் பாருங்கள். 'வீடு' என்பதன் ஈற்றில் குறுகி ஒலிக்கும் உகரம், உயிர் வந்தவுடன் 'வீடில்லை' என முற்றும் நீங்கிவிடுகின்றது. இரு மொழிகட்கும் உறவு இல்லை. எனினும் குறுகிய உயிர் சூழலுக்கேற்ப நின்றும் நீங்கியும் வருதலை அறிந்த தமிழ் மாணவர்க்குப் பிரெஞ்சின் ஊமை 'ஈ' அஞ்சத்தக்கதன்று.

ஈற்று மெய்களும் ஒரே நாளில் வாய் மூடவில்லை. 'தோனத்' என்பதன் ஈற்றுத் தகரம் பதினோராம் நூற்றாண்டு அளவிலேயே மறைந்தது. பன்மையின் தகரமும் முன்னிலையின் ஸகரமும் முதலில் மெய்க்குமுன் மறைந்து, பின்னர் வாக்கிய இறுதியிலும் மறைந்தன. எஞ்சிய ஈற்றுச் சிற்றுயிர் பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் பாரிஸ் நகரப் பேச்சில் ஒடுங்கியது. பிரான்சின் தென்பகுதியில் அதனை இன்றும் ஒலிப்போர் உண்டு. விகுதிகள் செவியினின்று மறைய மறைய, 'நான்', 'நீ', 'அவன்' என்னும் பெயர்களை வினையின்முன் தவறாது கூறும் வழக்கம் வலுப்பெற்றது. விகுதியின் தேய்வு ஒன்றே இதற்குக் காரணம் என எல்லா அறிஞரும் ஒப்பவில்லை; ஆயினும், பின்னே இழந்ததை மொழி முன்னே பெற்றுக்கொண்டது என்பது கண்கூடு.

எழுத்து இம்மாற்றங்களோடு உடன் நடக்கவில்லை. 1539ஆம் ஆண்டு மன்னர் முதலாம் பிரான்சுவா, வில்லேர்-கொத்ரே ஆணையின் வாயிலாக, முறைமன்ற ஆவணங்கள் பிரெஞ்சு மொழியில் எழுதப்படவேண்டும் என விதித்தார். அச்சு இயந்திரமும் பரவியது. எழுத்து முறை எதுவாதல் வேண்டும் என்னும் வழக்கு அப்போது எழுந்தது. லியோன் நகரினரான லூயி மெக்ரே 1550இல் இலக்கண நூல் ஒன்றை வெளியிட்டு, 'பேசுவதுபோலவே எழுதுக' என வாதிட்டார். தம் நூலையும் அவ்வாறே அச்சிட்டார். ஊருக்கு ஊர் ஒலி வேறுபடும்போது எவ்வூர் ஒலியை எழுதுவது என எதிர்ப்பாளர் வினவினர். பன்மைக்குரிய எழுத்தை நீக்கிவிட்டால் கண் எதைக்கொண்டு பன்மையை அறியும் என்றும் கேட்டனர். மெக்ரேயின் முறை நிலைபெறவில்லை.

ஒலியாத எழுத்தெல்லாம் தொன்மையானது என எண்ணிவிடுதலும் பொருந்தாது. 'நான் சொல்கிறேன்' என்பதன் பிரெஞ்சு வடிவத்தின் ஈற்றில் இன்று ஓர் 'எஸ்' எழுதுகின்றோம். இலத்தீனில் அவ்விடத்தில் ஸகரம் இல்லை. பழைய பிரெஞ்சிலும் இல்லை. பிற வினைகளைப் பார்த்துப் பிற்காலத்தார் சேர்த்தது அது. முன்னோர் விட்டுச்சென்ற எழுத்தும் உண்டு. இடையில் வந்து அமர்ந்த எழுத்தும் உண்டு என்க.

எழுத்து ஒலிக்குப் பணிந்த இடமும் ஒன்று உண்டு. 'கொடுத்துக்கொண்டிருந்தான்' என்னும் இறந்தகால வடிவத்தின் விகுதியை நெடுங்காலம் 'ஓ, ஐ' என்னும் எழுத்துகளால் எழுதினர். அவ்வெழுத்துகளின் ஒலி முதலில் 'ஒய்' போன்றிருந்து, பின் 'வெ' என மாறி, வினைவிகுதியில் வெறும் எகரமாக நின்றது. எழுத்து மட்டும் பழைய கோலத்திலேயே இருந்தது. இதனை 'ஏ, ஐ' என மாற்றவேண்டும் என வோல்த்தேர் பதினெட்டாம் நூற்றாண்டில் வற்புறுத்தினார். 1635இல் நிறுவப்பெற்ற பிரெஞ்சுக் கழகம், 1835இல் வெளியிட்ட அகராதியின் ஆறாம் பதிப்பில்தான் அம்மாற்றத்தை ஏற்றது. நாக்கு மாறிய பின் கை மாற இருநூறு ஆண்டுகட்கு மேல் ஆயிற்று.

மறைந்த அசை முற்றும் இறந்துவிடாமல் காத்தது செய்யுள். பிரெஞ்சுக் காவியத்திற்கும் நாடகத்திற்கும் உரிய பேரடி பன்னிரண்டு அசைகளால் ஆனது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்தர் வரலாற்றைப் பாடிய காவியத்தால் பெயர் பெற்றது. அவ்வடியில் 'தொன்' என்பதன் பின் மெய் வருமாயின் 'தொ-ன' என ஈரசையாகக் கணக்கிடுவர். ஒருமை வடிவத்தின் பின் உயிர் வருமாயின் ஓரசையே. பன்மை வடிவத்தின் பின் உயிர் வரினும், ஈற்றுத் தகரம் எழுந்து இடைநிற்பதால் ஈரசை குறையாது. கொர்னேய், ராசீன் ஆகியோரின் நாடகங்களில் நடிப்போர் இக்கணக்கை அறியாது வாய்விட்டால் அடி நொண்டும். வீதியில் இறந்த அசை அரங்கில் இன்றும் உயிரோடு உலவுகின்றது.

கலைக்கு இது செல்வம். ஆனால் குழந்தைக்குச் சுமை. 1881, 1882ஆம் ஆண்டுகளில் ஜூல் ஃபெரி கொணர்ந்த சட்டங்களால் பிரான்சில் தொடக்கக்கல்வி இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆயிற்று. சொல்வதெழுதுதல் பள்ளித் தேர்வின் தலைவாயிலாக நின்றது. வீட்டில் பிரெத்தோன் மொழியோ ஒக்சித்தான் மொழியோ பேசிய உழவர் பிள்ளைகளும் காதில் விழாத விகுதிகளைத் தவறாது எழுதவேண்டியிருந்தது. பிழை மிகுந்தால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லையேல் பல வேலைகளின் கதவும் அடைபடும். 'பர்லே' என்னும் ஒரே ஒலி, பேசுதல், பேசப்பட்டது, பேசுகிறீர் என்னும் மூன்று பொருளில் மூன்று விதமாக எழுதப்படும் என்றால், அச்சிறுவர்தம் இடர்ப்பாட்டை என்னென்பது! 1901இல் கல்வியமைச்சர் ஆணையொன்று பிறப்பித்து, எழுத்துமுறையின் சில நுணுக்கங்களில் பிழை காணாது விடுமாறு தேர்வாளர்க்கு இடமளித்தார். வினைவிகுதிகளின் ஒலியாத எழுத்துகளோ இருந்தபடியே இருந்தன.

இறுதியாக ஒரு செய்தி. 'மீண்டும் சொல்லுதல்' என்னும் வினை 'ரே-பே-தே' என்பது. நடுவசை உயிரில் முடிவதால் அங்கு வாய் சிறிதே திறக்கும். 'மீண்டும் சொல்கிறேன்' என்னும்போது அவ்வசை 'ரே-பெத்' என மெய்யால் அடைபடுகின்றது. உடனே வாய் அகலத் திறந்து உயிரொலி மாறுகின்றது. ஆகவே அதன் தலைமேல் இடும் குறியையும் மாற்றி எழுதுவர். எதிர்காலத்தில் முன்னாளில் 'ரே-பே-த-ரே' என நான்கசையாக ஒலித்ததால் பழைய குறியே எழுதப்பட்டது. பேச்சில் ஊமை 'ஈ' நீங்கி, 'ரே-பெத்-ரே' என மூன்றசையான பின்னும் குறி மாறவில்லை. 1990ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் பிரெஞ்சு அரசிதழில் வெளியான எழுத்துத் திருத்தங்கள், செவி கேட்டபடி அக்குறியை மாற்றி எழுத இசைந்தன. பழைய வடிவமும் தள்ளப்படவில்லை. ஓர் அசையின் பிரிவு மாறியதால் ஒரு குறி மாறிற்று. பன்னிரு நூற்றாண்டு வழக்கில் இது சிறிய தீர்ப்பு. ஆயினும் நல்ல தீர்ப்பு.

மாணவ நண்பர்களே, ஒலியாத எழுத்தைக் கண்டு எள்ளற்க. அதனை வலிந்து ஒலிக்கவும் முயலற்க. பிரெஞ்சு வினையைப் படிக்கும்போது கண்ணால் விகுதியைக் காணுங்கள். வாயால் அசையை எண்ணுங்கள். எழுத்து அச்சொல் வந்த வழியைக் கூறும். அசை அது இன்று வாழும் முறையைக் கூறும். இரண்டில் ஒன்றை விட்டால் மொழியில் பாதியை விட்டவர் ஆவோம்.

என் ஏட்டில் சிவப்புக் கோடு விழுந்த வாக்கியத்திற்கு மீள்கின்றேன். அதில் 'எல்' என்னும் சொல் இருமுறை வந்தது. முதன்முறை மெய்க்குமுன் நின்றதால் அதன் பன்மை எழுத்து உறங்கியது. இரண்டாம் முறை 'கெல்ஸோன்' என உயிருக்குமுன் வந்து ஸகரமாக விழித்தது. அவர்கள் பலர் என்னும் செய்தியை ஆசிரியர் மும்முறையும் தெளிவாகச் சொல்லியே இருந்தார். முதலசையோடு எழுதத் தொடங்கிய நான் அதனைக் கேட்கவில்லை. வாக்கியம் முடியும்வரை செவி கொடுத்தல் வேண்டும் என்று அன்று அவர் சொன்னதன் பொருள் எனக்குப் பின்னரே விளங்கிற்று.